கில் -9 அடிப்பதற்கு முன் /ப்ராக் உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

மார்ச் 3, மாலை 6:15 (இழையைத் தொடங்கியவர்)

லினக்ஸ் சர்வரில் ஒரு ப்ராசஸ் தொங்கிப்போய் நிற்கிறது. முடிந்துபோகச் சொல்லும் கில் கமாண்ட் கொடுத்தேன், அசையவில்லை. கட்டாயமாகக் கொல்லும் கில் -9 கொடுத்தேன், அதற்கும் அசையவில்லை. யாரைக் கேட்டாலும் "/ப்ராக் உள்ளே போய்ப் பார்" என்கிறார்கள். ஓடும் ப்ராசஸ்களின் விவரங்கள் கோப்புகளாகத் தெரியும் அடைவாம் (/proc). போனேன். எல்லாம் பூஜ்யம் பைட் கோப்புகள். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ், டாப் கமாண்டுகள் காட்டாத எதை இது காட்டப்போகிறது? பேசாமல் ரீபூட் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 9:40

மறுப்பு இருக்கிறது. ரீபூட் செய்யாதீர்கள். அந்த ப்ராசஸ் ஏன் தொங்குகிறது என்பதற்கான மொத்த சாட்சியும் இப்போது அதனிடம்தான் இருக்கிறது. அது செத்த கணமே /ப்ராக் உள்ளே அதன் எண்ணுக்குரிய அடைவும் மறைந்துவிடும். அடுத்த வாரம் இதே கோளாறு திரும்ப வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பூஜ்யம் பைட் விஷயம் முதலில். அந்தக் கோப்புகள் டிஸ்கில் இல்லை. நீங்கள் திறந்து படிக்கும்போது லினக்ஸின் மையமான கெர்னல் தன் உள் அட்டவணைகளைப் பார்த்து அந்த நேரத்தில் எழுத்தாக எழுதித் தருகிறது. படிப்பதற்கு முன் நீளம் தெரியாது, அதனால் அளவு 0. "அளவு 0 என்றால் காலி" என்று முடிவு செய்யும் மென்பொருள் இங்கே ஏமாறும். கேட் கமாண்ட் ஏமாறாது, கடைசி வரை படிக்கும்.

பிஎஸ், டாப் இரண்டும் தகவலை எடுப்பதே இங்கிருந்துதான். சந்தேகம் இருந்தால் ஒரு நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கீழே பிஎஸ்ஸை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பிஐடிக்கும் (ப்ராசஸ் எண்) ஸ்டாட், ஸ்டேட்டஸ், சிஎம்டிலைன் என்று வரிசையாகத் திறந்துகொண்டே போகும். அவை நமக்கு எடுத்துக் காட்டுவது சில பத்திகள்தான். மீதி எல்லாம் உள்ளேயே கிடக்கிறது.

இப்போது இரண்டு கோப்புகளைப் படித்துப் போடுங்கள். ஒன்று, /ப்ராக்/பிஐடி/ஸ்டேட்டஸ். அதில் "ஸ்டேட்" என்ற வரி. மற்றொன்று டபிள்யூசான், கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷனில் தூங்குகிறது என்று அதில் ஒரு பெயர் இருக்கும்.

ஸ்டேட் வரியில் "டி" (D) இருந்தால், ஏதோ ஓர் உள்ளீட்டு வெளியீட்டு வேலைக்காகக் காத்திருக்கிறது. கில் அனுப்பும் செய்தியான சிக்னல் அதன் வாசலில் காத்துக்கிடக்கும், தூக்கம் கலைந்த பிறகுதான் உள்ளே போகும். -9 பலிக்காததற்கு வழக்கமான காரணம் இது. ரூட் (நிர்வாகி) உரிமை இருந்தால் ஸ்டாக் கோப்பையும் பாருங்கள்: ஃபங்ஷன் பெயர்களில் என்எஃப்எஸ், ஆர்பிசி என்று தென்பட்டால் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பக்கம் போங்கள். "இசட்" என்றால் அது ஏற்கெனவே செத்துவிட்டது; பெற்ற ப்ராசஸ் அதன் முடிவை வாங்கிக்கொள்ளாமல் இருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியது, பெற்ற ப்ராசஸின் எண்ணைச் சொல்லும் பிபிஐடி வரி. "டீ" (T) என்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ட்ரேசர்பிஐடி வரியில் 0 தவிர வேறு எண் இருந்தால் அந்த எண்காரர் டீபக்கர் (நிரலை நிறுத்திப் பிழை தேடும் கருவி).

மார்ச் 3, இரவு 10:05

மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை. டி நிலை என்றாலே -9 பலிக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து, கொல்லும் சிக்னலுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் ஒரு தூக்கமும் உண்டு. வெளியே அதுவும் டி என்றுதான் தெரியும். என்எஃப்எஸ் காத்திருப்புகளில் பல இந்த வகை. அதனால் எழுத்தை மட்டும் பார்க்காமல் டபிள்யூசானையும் சேர்த்துப் பாருங்கள்.

மார்ச் 4, காலை 7:30

இழையைத் தொடங்கியவர் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ஸ்டேட் வரியில் "எஸ்", அதாவது சாதாரணத் தூக்கம். எஸ் நிலையில் இருக்கும் ப்ராசஸ் -9க்கு சாகாமல் இருக்க வழியே இல்லை, ஒரே ஓர் இடம் தவிர.

கில் கமாண்டை எங்கே நின்று கொடுத்தீர்கள்? கண்டெய்னருக்கு (தனி மெஷின் போலப் பிரித்து ஓட்டும் சூழல்) உள்ளே ஷெல் திறந்து கொடுத்தீர்களா? அங்கே அதன் பிஐடி 1 ஆக இருந்ததா?

மார்ச் 4, காலை 8:10

ஆமாம், கண்டெய்னருக்கு உள்ளேதான், பிஐடி 1தான் என்கிறீர்கள். அதேதான். விளக்கமாக எழுதுகிறேன், பலரும் இதில் மாட்டுகிறார்கள்.

கண்டெய்னருக்குள் ப்ராசஸ் எண்கள் 1லிருந்து தனியாக எண்ணப்படும்; அந்தத் தனி வட்டம்தான் பிஐடி நேம்ஸ்பேஸ். ஒவ்வொரு பிஐடி நேம்ஸ்பேஸுக்கும் 1 என்ற எண் கொண்ட ப்ராசஸ்தான் மூலவர். அதே நேம்ஸ்பேஸுக்குள் இருந்து வரும் சிக்னலில், அது தானே கைப்பற்றி வைத்திருக்கும் (அதாவது, கையாள ஹாண்ட்லர் என்ற நிரல்பகுதி வைத்திருக்கும்) சிக்னல் மட்டும்தான் அதைச் சேரும். -9ஐ யாராலும் கைப்பற்ற முடியாது. எனவே உள்ளே நின்று அடிக்கும் -9 அதைச் சேரவே சேராது. கெர்னல் அமைதியாக விட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது. வெளியே, கண்டெய்னரை ஓட்டும் மெஷினான ஹோஸ்டில் நின்று அடித்தால் சாகும்.

ஹோஸ்டில் அதன் எண்ணைக் கண்டுபிடிக்க ஸ்டேட்டஸ் கோப்பில் என்எஸ்பிஐடி வரியைப் பாருங்கள். "4312 1" என்று இருந்தால் வெளியே 4312, உள்ளே 1. உள்ளே நின்று பார்த்தால் 1 மட்டும்தான் தெரியும். இந்த வரி 4.1 கெர்னலிலிருந்து உண்டு.

-9 இல்லாத வெறும் கில், அதாவது 15ஆம் சிக்னல், ஏன் பலிக்கவில்லை என்பதையும் அதே கோப்பே சொல்லிவிடும். சிக்சிஜிடி என்ற வரியில் 16 இலக்கத்தில் ஒரு ஹெக்ஸ் எண் இருக்கும். ப்ராசஸ் எந்தெந்த சிக்னலைக் கைப்பற்றியிருக்கிறது என்பதற்கான பிட் வரிசை அது. வலமிருந்து நான்காவது இலக்கம் 13 முதல் 16 வரையிலான சிக்னல்களுக்கு உரியது. அந்த இலக்கம் 4, 5, 6, 7 ஆகவோ, சி முதல் எஃப் வரையிலான எழுத்தாகவோ இருந்தால் 15 கைப்பற்றப்பட்டிருக்கிறது. உங்களுடையதில் அது 0. ஆக மூலவர் 15ஐக் கேட்கவே இல்லை. கண்டெய்னரை நிறுத்தச் சொன்னால், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் 10 விநாடி காத்திருந்துவிட்டு -9 அடிப்பதற்கும் பல இடங்களில் இதுதான் காரணம். நிரலை எழுதியவர்கள் 15க்கு ஒரு ஹாண்ட்லர் வைத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு போய்விடும்.

இன்னும் கொல்லவில்லைதானே? கொஞ்சம் பொறுங்கள். சாகாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது, தொங்குவதற்குக் காரணம் இன்னும் தெரியவில்லை.

மார்ச் 4, மதியம் 1:20

எனக்கு /ப்ராக் மீது மதிப்பு வந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்கள் பிரச்சினையும் அதே சாயலில் இருக்கிறது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவுநேர பேக்கப் அவ்வப்போது பாதியில் நின்றுவிடும். சிபியூ பூஜ்யம், டிஸ்க் அசைவில்லை, லாகில் ஒரு வரி கிடையாது. காலையில் வருபவர் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டுவார், ஓடிவிடும். மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒரு நாள் குழுவில் மூத்தவர் ஒருவர் "யாரும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிஸ்கால் என்ற கோப்பு. ப்ராசஸ் எந்த சிஸ்டம் காலில் (கெர்னலிடம் கேட்ட வேலையில்) நிற்கிறது, அதற்கு என்ன ஆர்க்யுமென்ட் கொடுத்தது என்பது ஒரே வரியில் இருக்கும். முதல் எண் 0. 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷினில் 0 என்றால் ரீட். அடுத்த எண் 5. ஆக, ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்புக்குக் கொடுக்கும் எண்) 5லிருந்து படிக்கக் காத்திருக்கிறது.

அடுத்து எஃப்டி அடைவு. அதில் 5 என்ற இணைப்பு எங்கே காட்டுகிறது என்று பார்த்தால் "பைப்", பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் அடையாளமான ஓர் ஐநோட் எண். பைப் என்பது ஒரு ப்ராசஸ் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய், மறுமுனை யாரிடமோ இருக்க வேண்டும். எல்லா ப்ராசஸ்களின் எஃப்டி அடைவுகளிலும் அதே ஐநோட் எண்ணைத் தேடினார். இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று, படிக்கக் காத்திருக்கும் இதே ப்ராசஸ். எழுத வேண்டிய ஆள் வேலையை முடித்துவிட்டுத் தன் முனையை மூடியிருந்தார், அதனால் பட்டியலில் இல்லை. மற்றொன்று, இந்தப் பைப்போடு சம்பந்தமே இல்லாத இன்னொரு குழந்தை ப்ராசஸ்.

ஃபைல் டிஸ்கிரிப்டருக்குப் பக்கத்திலேயே எஃப்டிஇன்ஃபோ அடைவு. அதில் ஃப்ளாக்ஸ் வரி எட்டடிமான எண். கடைசி இலக்கம் 1 என்றால் எழுதும் முனை. சம்பந்தமில்லாத அந்தக் குழந்தையிடம் எழுதும் முனை இருந்தது. புது நிரல் தொடங்கும்போது அந்த முனையைத் தானாக மூடவைக்கும் 02000000 என்ற க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் பிட் இல்லை. அதாவது, தாய் ப்ராசஸ் ஒரு பைப்பைத் திறந்துவைத்திருந்த நேரத்தில் வேறொரு குழந்தையையும் பெற்றுவிட்டது, அந்தக் குழந்தை எழுதும் முனையைச் சுமந்துகொண்டே போய்விட்டது. எழுதும் முனை ஒன்றாவது திறந்திருக்கும் வரை படிப்பவருக்கு "முடிந்தது" என்ற செய்தி வராது. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கினால் மட்டும் நிகழும் என்பதால்தான் அவ்வப்போது வந்தது.

நிரலில் திருத்தம் ஒரே ஒரு வரி. மாதக்கணக்கில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு ஒரே காரணம், ஒவ்வொரு காலையும் சாட்சியைக் கொன்றுவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினோம்.

சிஸ்கால், எஃப்டி, எஃப்டிஇன்ஃபோ மூன்றையும் உங்கள் ப்ராசஸில் பாருங்கள். ஹோஸ்டில் ரூட்டாக.

மார்ச் 5, காலை 6:50

கேட்டவர் தனிமடலில் அனுப்பியதை அவர் அனுமதியோடு சொல்கிறேன்: அவருடையது ரீட் அல்ல, ஃப்யூடெக்ஸ் காத்திருப்பு. அதாவது நிரலுக்குள் த்ரெட் (நிரலின் ஓர் ஓட்டம்) ஒன்று, இன்னொன்றிடம் இருக்கும் பூட்டுக்காக அநேகமாகக் காத்து நிற்கிறது. அப்படியானால் /ப்ராக்/பிஐடி/டாஸ்க் அடைவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அங்கே தனி அடைவு, தனி ஸ்டேட்டஸ், தனி சிஸ்கால். எல்லா த்ரெட்டும் ஃப்யூடெக்ஸில் நின்றால் அநேகமாக ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று மட்டும் நெட்வொர்க்கில் படிக்கக் காத்திருந்தால், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியாளுக்காக நிற்பது அநேகமாக அதுதான்.

இதற்கு மேல் /ப்ராக் சொல்லாது. எந்தப் பூட்டு, நிரலில் எந்த வரி என்பதற்கு ஜிடிபி என்ற டீபக்கர் வேண்டும், அல்லது ஒரு கோர் டம்ப் (ப்ராசஸின் மெமரி நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டால் ப்ராசஸைத் தாராளமாகக் கொல்லலாம்.

மார்ச் 5, இரவு 9:15

டிஸ்க் நிரம்பிவிட்டது, கோப்புகளைக் கூட்டும் டியூ காட்டும் கணக்கும் டிஸ்கின் மொத்தத்தைச் சொல்லும் டிஎஃப் காட்டும் கணக்கும் ஒத்துவரவில்லை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதற்கும் எஃப்டி அடைவுதான். யாரோ பெரிய லாக் கோப்பை ஆர்எம் கொடுத்து அழித்திருப்பார்கள்; ப்ராசஸ் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. எஃப்டி அடைவைப் பட்டியலிட்டால் அந்த இணைப்பின் முனையில் "டிலீடட்" என்று இருக்கும்.

சர்வீஸை நிறுத்தாமலே இடத்தை மீட்கலாம். /ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண் என்ற அந்தப் பாதைக்குள் ஷெல்லின் ">" குறியால் காலியை எழுதினால் கோப்பு பூஜ்யமாகச் சுருங்கிவிடும். அதற்கு முன் உள்ளடக்கம் வேண்டுமென்றால் அதே பாதையிலிருந்து வேறொரு டிஸ்குக்கு சிபி செய்துகொள்ளுங்கள். தவறுதலாக அழித்த கோப்பை இப்படி மீட்டவர்கள் நிறையப் பேர். நானும் ஒருமுறை ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, கோப்பு திரும்ப வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ப்ராசஸ் உயிரோடு இருந்ததுதான் அங்கே அதிர்ஷ்டம்.

மார்ச் 5, இரவு 10:30

மேலே சொன்னதில் ஒரு கிளை. ப்ராசஸ் அந்த லாகை அப்பென்ட் முறையில் திறந்திருந்தால் சுருக்கிய பிறகு பூஜ்யத்திலிருந்தே எழுதும். இல்லையென்றால் தன் பழைய இடத்திலேயே தொடர்ந்து எழுதும். முன்பகுதி ஓட்டையாக இருக்கும். டிஸ்கில் இடம் விடுபட்டுவிடும், ஆனால் எல்எஸ் பழையபடி பெரிய அளவையே காட்டும். லாகைப் படிக்கும் கருவி கோடிக்கணக்கான நல் பைட்டுகளைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். எந்த முறையில் திறந்தது என்பதையும் எஃப்டிஇன்ஃபோவின் ஃப்ளாக்ஸ் வரியே சொல்லும்: எட்டடிமானத்தில் 02000 பிட் இருந்தால் அப்பென்ட்.

எஃப்டிஇன்ஃபோவில் "பாஸ்" என்றொரு வரியும் உண்டு. கோப்பில் இப்போது எந்த பைட்டில் நிற்கிறது என்பது. பெரிய கோப்பை யாராவது சிபி கொடுத்துவிட்டு எவ்வளவு ஆயிற்று என்று தெரியாமல் தவித்தால் இந்த எண்ணைக் கோப்பின் மொத்த அளவால் வகுத்துப் பாருங்கள். ஓடும் வேலையைத் தொடவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனம். லினக்ஸில் இந்தப் பாதை வழியாகச் சாதாரணக் கோப்பைத் திறந்தால் அது புதிதாகத் திறப்பதாகத்தான் கணக்கு, உங்களுக்குத் தனி இடக்குறி. ஆனால் பைப்பைத் திறந்து படித்தால் நீங்கள் படித்தது அங்கிருந்து போய்விடும், உரியவருக்குக் கிடைக்காது. சாக்கெட்டைத் திறக்கவே முடியாது.

மார்ச் 6, மாலை 5:00

"பார்ப்பதற்கு மட்டும்தானா, எழுதிக் கட்டுப்படுத்த முடியாதா" என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு ஓர் ஏக்கம் உண்டு.

ப்ராசஸ்களைக் கோப்புகளாகக் காட்டும் யோசனையை பெல் லேப்ஸில் டாம் கில்லியன் 1984இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸின் 8ஆம் பதிப்பில் அது வந்தது. ஒரு ப்ராசஸின் மெமரியைக் கோப்பு போலத் திறந்து படிக்கலாம், எழுதலாம். பிட்ரேஸ் என்ற சிஸ்டம் கால் வழியாக ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொண்டிருந்த டீபக்கர்களுக்கு அது பெரிய விடுதலை.

அதே இடத்தில் பிறகு உருவான பிளான் 9 இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஒவ்வொரு ப்ராசஸ் அடைவிலும் சிடிஎல் என்ற கோப்பு. அதில் "ஸ்டாப்" என்று எழுதினால் நிற்கும், "ஸ்டார்ட்" என்று எழுதினால் ஓடும், "கில்" என்று எழுதினால் சாகும். வேறொரு மெஷினின் /ப்ராக் அடைவை நெட்வொர்க் வழியாக இங்கே கொண்டுவந்து பொருத்திக்கொண்டால், அந்த மெஷினில் ஓடும் ப்ராசஸை இங்கிருந்தே டீபக் செய்யலாம். அதற்கென்று தனி நெறிமுறை எதுவும் எழுதவில்லை. கோப்பு தொலைவிலிருந்து படிக்கக் கிடைத்தாலே போதும். இந்த வடிவமைப்பைப் பற்றி முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு எளிமையாக ஒரு சிஸ்டத்தை வைத்திருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

சோலாரிஸும் 2.6 பதிப்பில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஓர் அடைவு, அதில் ஒரு சிடிஎல் என்று மாற்றிக்கொண்டது. லினக்ஸில் /ப்ராக் வந்தது 1992இல். ஆனால் சிடிஎல் வரவில்லை. சிக்னலுக்கு கில், டீபக்கருக்கு பிட்ரேஸ் என்று பழைய வழிகளே தொடர்ந்தன. எழுதக்கூடிய கோப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. மெமரி தீரும்போது யாரைக் கொல்வது என்பதைச் சாய்க்கும் ஊம்_ஸ்கோர்_அட்ஜ்: -1000 எழுதினால் அந்த ப்ராசஸ் தப்பும், 1000 எழுதினால் முதல் பலி. மதிப்பைக் குறைக்கத் தனி உரிமை வேண்டும். குழந்தை ப்ராசஸ்களும் அதே மதிப்போடுதான் பிறக்கும். தாய்க்கு -1000 கொடுத்துவிட்டு, அது பெற்றுப்போடும் மெமரி விழுங்கிகளுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்துவிடாதீர்கள். கோர் டம்பில் எது சேர வேண்டும் என்பதற்கு கோர்டம்ப்_ஃபில்ட்டர். மெமரியையே மாற்ற மெம். லிமிட்ஸ் கோப்பு படிக்க மட்டும். மாற்ற ப்ர்லிமிட் கமாண்ட்.

லிமிட்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. "கோப்புகள் அதிகமாகத் திறந்துவிட்டன" என்ற பிழை வந்தால் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஷெல்லில் யுலிமிட் கொடுத்துப் பார்த்துவிட்டு "நிறைய இருக்கிறதே" என்கிறார்கள். அது அவர்கள் ஷெல்லின் எல்லை. சர்வீஸ் வேறு வழியாகப் பிறந்தது, அதற்கு வேறு எல்லை. /ப்ராக்/பிஐடி/லிமிட்ஸ் காட்டுவதுதான் அந்த ப்ராசஸுக்கு உண்மையில் பொருந்துவது.

மார்ச் 6, இரவு 8:45

மாலையில் எழுதியதை மறுபடி படித்தேன். "லினக்ஸில் சிடிஎல் வரவில்லை" என்பதோடு நிறுத்தினால் படம் முழுமையாகாது. அந்த எண்ணம் வேறு வாசலில் வந்திருக்கிறது. ப்ராசஸ்களைக் குழுவாக நிர்வகிக்கும் சிகுரூப் வசதியின் இரண்டாம் பதிப்பில், /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் கீழே, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அடைவு. சிகுரூப்.ஃப்ரீஸ் கோப்பில் 1 எழுதினால் குழு முழுதும் உறைந்து நிற்கும், 0 எழுதினால் ஓடும். இது 2019இல் வந்த 5.2 கெர்னலிலிருந்து. சிகுரூப்.கில் கோப்பில் 1 எழுதினால் குழுவும் அதன் கீழ்க்குழுக்களும் மொத்தமாகச் சாகும். இது 2021இல் வந்த 5.14இலிருந்து. ஒவ்வொரு பிஐடியாகத் தேடிக் கொல்வதற்குள் புதிதாக ஒன்று பிறந்து தப்பும் சிக்கல் இதில் இல்லை. ஒரு ப்ராசஸ் எந்தக் குழுவில் இருக்கிறது என்பதை /ப்ராக்/பிஐடி/சிகுரூப் சொல்லும்.

ஆக, லினக்ஸில் தனி ஆளைப் படிப்பது /ப்ராக், கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது சிகுரூப். பிளான் 9இன் அழகு இதில் இல்லை. ஆனால் ஃபோர்க் செய்துகொண்டே போகும் இன்றைய சர்வீஸ்களுக்கு, குழுவாகக் கொல்வதுதான் சரி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

மார்ச் 8, காலை 11:10

பிஎஸ் கமாண்டே தொங்கிவிட்டது என்று ஒருவர். இது பேய் வேலை போலத் தெரியும், காரணம் நேரானது. சிஎம்டிலைன் கோப்பைப் படிக்கும்போது கெர்னல் அந்த ப்ராசஸின் மெமரிக்குள் போய் ஆர்க்யுமென்ட்டுகளை எடுக்க வேண்டும். அதற்கு அதன் மெமரி வரைபடத்தின் பூட்டை வாங்க வேண்டும். அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டே ப்ராசஸ் டி நிலையில் தூங்கினால், படிக்க வந்த பிஎஸ்ஸும் வரிசையில் நிற்கும். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒரு பிஎஸ் ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் தொங்கும் பிஎஸ்களே ஒரு கூட்டமாகிவிடும். லினக்ஸ் லோட் ஆவரேஜில் டி நிலையையும் எண்ணுவதால் அந்த எண்ணும் ஏறிக்கொண்டே போகும்.

அப்போது சிஎம்டிலைனைத் தொடாத வழியில் போங்கள். பிஎஸ்ஸிடம் பிஐடி, ஸ்டேட், டபிள்யூசான், காம் பத்திகள் மட்டும் கேளுங்கள். அல்லது ஷெல்லில் ஒரு சுற்று விட்டு காம், டபிள்யூசான் கோப்புகளை மட்டும் படியுங்கள். எந்த பிஐடியில் சிஎம்டிலைன் படிக்கும்போது நிற்கிறதோ அதுதான் ஆள். காம் கோப்பில் பெயரின் முதல் 15 எழுத்துதான் இருக்கும், அது போதும்.

மார்ச் 9, இரவு 7:30

மெமரி பற்றிச் சுருக்கமாக. ப்ராசஸ் இப்போது ராமில் பிடித்திருக்கும் அளவுதான் ஆர்எஸ்எஸ். அந்த எண்களைக் கூட்டி "மெஷினில் இருப்பதைவிட அதிகமாக வருகிறதே" என்று பயப்படாதீர்கள். பகிர்ந்துகொள்ளும் பக்கங்களை ஆர்எஸ்எஸ் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் முழுதாக எண்ணுகிறது. நான்கு ப்ராசஸ்கள் 40 எம்பி நூலகம் ஒன்றைப் பகிர்ந்தால் ஆர்எஸ்எஸ் கணக்கில் 160, பகிர்வதைப் பங்கிட்டு எண்ணும் பிஎஸ்எஸ் கணக்கில் ஆளுக்கு 10. கூட்ட வேண்டியது பிஎஸ்எஸ். ஸ்மேப்ஸ் கோப்பில் பகுதி பகுதியாக இருக்கும். மொத்தம் மட்டும் வேண்டுமென்றால் 4.14 கெர்னலிலிருந்து ஸ்மேப்ஸ்_ரோல்அப் உண்டு. பெரிய ப்ராசஸில் ஸ்மேப்ஸ் படிப்பது லேசான வேலை அல்ல, விநாடிக்கு ஒருமுறை படிக்காதீர்கள்.

மார்ச் 11, காலை 8:00

பாதுகாப்பு பற்றிக் கேட்டதற்கு நன்றி, இதை முன்பே எழுதியிருக்கலாம். இவ்வளவு தகவல் திறந்து கிடக்கிறது என்றால் அது எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது.

கமாண்ட் வரியில் பாஸ்வேர்ட் கொடுக்காதீர்கள். சிஎம்டிலைன் இயல்பாகவே எல்லாப் பயனர்களுக்கும் படிக்கக் கிடைக்கும். என்விரான் கோப்பு கொஞ்சம் பரவாயில்லை, அதே பயனரும் ரூட்டும் மட்டும். ஆனால் "அதே பயனர்" என்பதில் அந்தக் கணக்கில் ஓடும் எல்லா நிரல்களும் அடக்கம். கெர்னலின் யாமா என்ற பாதுகாப்புப் பகுதியில் பிட்ரேஸ்_ஸ்கோப் 1 என்று வைத்திருக்கிறேன், அதனால் பாதுகாப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மெம், சிஸ்கால் போன்றவற்றைத்தான் தடுக்கும். என்விரான், மேப்ஸ், எஃப்டி எல்லாம் படிப்பு உரிமையில் வருபவை, அவற்றை அது தொடாது. என்விரான் காட்டுவதும் ப்ராசஸ் தொடங்கியபோது கொடுத்த சூழல்தான். பிறகு நிரலே மாற்றிக்கொண்டது பெரும்பாலும் அதில் தெரியாது. "கான்ஃபிக் மாற்றினேன், ஏறவில்லை" என்ற புகார்களில் இதை நினைவில் வையுங்கள்.

பல பேர் புழங்கும் மெஷினில் /ப்ராக்கை ஹைட்பிஐடி=2 என்று மவுண்ட் செய்தால் அடுத்தவர் ப்ராசஸ் அடைவுகளே கண்ணில் படாது. 3.3 கெர்னலிலிருந்து உண்டு.

மெம் கோப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எழுதும் வசதியை லினக்ஸ் நெடுநாள் மூடி வைத்திருந்தது. 2011இல் 2.6.39இல் திறந்தது, உரிமைச் சோதனையில் இருந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் ரூட் ஆகலாம் என்று 2012 ஜனவரியில் தெரிந்து அடைத்தார்கள். 2016இல் வெளிவந்த டர்ட்டி கௌ தாக்குதலின் பிரபலமான வடிவமும் தன் சொந்த மெம் கோப்பில் எழுதித்தான் வேலை செய்தது. 2019இல் கண்டெய்னருக்குள் இருந்து /ப்ராக்/செல்ஃப்/எக்ஸி வழியாக கண்டெய்னர்களைத் தொடங்கும் ஹோஸ்டின் ரன்சி நிரலையே மேலெழுதும் ஓட்டை வந்தது. ஃப்ரீபிஎஸ்டி ப்ராக்எஃப்எஸ்ஸை இயல்பாக மவுண்ட் செய்வதில்லை, ஓப்பன்பிஎஸ்டி 5.7 பதிப்பில் நீக்கியே விட்டது. அவர்கள் முடிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் நள்ளிரவில் தொங்கும் சர்வருக்கு முன் உட்கார்ந்தால் எனக்கு /ப்ராக் வேண்டும்.

மார்ச் 14, மாலை 6:20

/ப்ராக்கைப் படிக்க ஸ்கிரிப்ட் எழுதுகிறேன் என்று சொன்னவருக்கு இரண்டு விஷயம்.

ஸ்டாட் கோப்பை இடைவெளியால் பிரித்துப் படிக்காதீர்கள். இரண்டாவது புலம் அடைப்புக்குள் ப்ராசஸ் பெயர். பெயரில் இடைவெளி இருக்கலாம், மூடும் அடைப்புக்குறியே இருக்கலாம். வேண்டுமென்றே அப்படிப் பெயர் வைத்து உங்கள் ஸ்கிரிப்டை ஏமாற்றலாம். வரியில் கடைசியாக வரும் மூடும் அடைப்பைத் தேடி, அதற்குப் பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

இரண்டாவது, பிஐடி திரும்ப வழங்கப்படும். 32768 என்ற பழைய உச்சவரம்பு இருக்கும் பரபரப்பான மெஷினில் சீக்கிரமே சுற்றி வந்துவிடும். 64 பிட்டில் 4194304 வரை ஏற்றலாம். நீங்கள் ஸ்டேட்டஸ் படித்து, யோசித்து, கில் அடிப்பதற்குள் அதே எண்ணில் வேறு ஆள் இருக்கலாம். ஸ்டாட்டின் 22ஆம் புலம் ப்ராசஸ் தொடங்கிய நேரம், பூட் ஆனதிலிருந்து கணக்கு. எண்ணும் இதுவும் சேர்ந்தால்தான் அடையாளம்.

கையால் பார்க்கும்போது இதைவிட எளிய வழி: முதலில் அந்த அடைவுக்குள் சிடி செய்துவிடுங்கள். பிறகு வெறும் "கேட் ஸ்டேட்டஸ்", "கேட் டபிள்யூசான்" என்று படியுங்கள். நீங்கள் நிற்பது அந்த ப்ராசஸின் அடைவில். அது செத்து, எண் வேறொருவருக்குப் போனாலும் உங்களுக்குப் பிழைதான் வருமே தவிர புது ஆளின் தகவல் வராது. நிரலிலும் இதேபோல அடைவை ஒருமுறை திறந்து வைத்துக்கொண்டு அதற்குக் கீழே படிக்கலாம். 5.1 கெர்னலிலிருந்து, அப்படித் திறந்த அடைவையே பிஐடிஎஃப்டி_சென்ட்_சிக்னல் சிஸ்டம் காலுக்குக் கொடுத்து சிக்னல் அனுப்பலாம். படித்த ஆளுக்கேதான் அது போய்ச் சேரும்.